40 ஹெர்ட்ஸ் மேட்டை அடக்க எது உதவியது, எது உதவவில்லை: யூமிக்-1 மைக்கும் ரூம் ஈக்யூ விசார்டும்

பேஸ் கிதாரின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ஸ்வரம் 41.2 ஹெர்ட்ஸ். என் அறையில் அந்த ஒரு ஸ்வரம் வந்தாலே போதும், மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அடுத்த தந்தியின் 55 ஹெர்ட்ஸ் ஒழுங்காக வரும், அதற்கு மேலே போனாலும் பரவாயில்லை, திரும்ப அந்தத் தடித்த தந்திக்கு வந்ததும் 'கும்' என்று ஒரு குமுறல், அது அடங்குவதற்குள் அடுத்த இரண்டு ஸ்வரங்கள் போய்விட்டிருக்கும். ஸ்பீக்கர்தான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பினேன். வேறு ஸ்பீக்கர் கடன் வாங்கி வைத்துப் பார்த்தபோதும் அதே இடத்தில் அதே குமுறல். அப்போதுதான் சந்தேகம் அறை மேல் திரும்பியது.

ஒரு வருடமாக மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கையும், ஜான் முல்காஹி எழுதிய ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச சாஃப்ட்வேரையும் பயன்படுத்தி வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்பதில் அக்கறை உள்ளவர்கள் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், கேபிள் எதை மாற்றுவதற்கு முன்னாலும் வாங்க வேண்டியது ஓர் அளவீட்டு மைக். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

என் அறை 4.3 மீட்டர் நீளம், 3.4 அகலம், 2.9 உயரம். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணில் அலை இரண்டு சுவர்களுக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்பி, தன் மேலேயே ஏறி நின்றுவிடுகிறது. அகலத்துக்கு இதே கணக்குப் போட்டால் 50, உயரத்துக்கு 59, நீளமும் அகலமும் சேர்ந்து 64, பிறகு நீளத்தின் இரண்டாவது படி 80. ஒரு காகிதத்தில் ஐந்து நிமிட வேலை. மைக் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் 41.2 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஏன் குமுறுகிறது என்று அன்றைக்கே புரிந்திருக்கும். என் அறை அளவுக்குச் சுமார் 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் நாம் கேட்பதில் ஸ்பீக்கரைவிட அறையின் கைதான் ஓங்கியிருக்கும். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் இதுதான் நிலைமை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் காது பேஸை, அதாவது அடி ஒலிகளை, கேட்கிற விதமே வேறு. நடு அதிர்வெண்களில் சில டெசிபல் கூடினால் கொஞ்சம் சத்தம் கூடியதாகத் தெரியும். 40 ஹெர்ட்ஸ் பக்கம் அதே சில டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு கூடியதுபோல இருக்கும். அதனால்தான் கிராஃபில் சாதாரணமாகத் தெரிகிற ஒரு மேடு காதில் மலைபோல நிற்கிறது.

சரி, மைக்குக்கு வருவோம். விரல் பருமனில் நீண்ட உலோகக் குழாய், யூஎஸ்பி கேபிளில் நேரே கம்ப்யூட்டரில் செருகலாம், தனி இன்டர்ஃபேஸ் வேண்டாம், மைக்குக்குத் தனியாக மின்சாரம் தரும் ஃபான்டம் பவர் வேண்டாம். ஒவ்வொரு மைக்குக்கும் தனி வரிசை எண் உண்டு. அதை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் அந்த மைக்குக்கென்றே அளந்து எடுத்த திருத்தக் கோப்பு கிடைக்கும். மைக்கை ஸ்பீக்கரை நோக்கி நீட்டினால் ஒரு கோப்பு, கூரையை நோக்கி நிமிர்த்தினால் இன்னொன்று. பேஸுக்கு மட்டும் என்றால் எந்தப் பக்கம் நீட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, மேல் அதிர்வெண்களில்தான் அது முக்கியம். கூடவே வருகிற குட்டி முக்காலி மேஜை மேல் வைக்கத்தான் சரிப்படும். காது இருக்கிற உயரத்துக்கு மைக் வர வேண்டும், ஆகவே ஒரு சாதாரண மைக் ஸ்டாண்ட் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். போன் மைக்கில் அளந்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பேச்சுக்காக வடிவமைத்த மைக் அது, பல போன்களில் அடி பேஸை வேண்டுமென்றே வெட்டியிருப்பார்கள், அதை நம்பி 40 ஹெர்ட்ஸில் முடிவெடுக்க முடியாது.

எந்த யூஎஸ்பி மைக்குக்கும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். மைக்கின் கடிகாரம் வேறு, ஒலி வெளியே போகிற சாதனத்தின் கடிகாரம் வேறு. ஒலி எத்தனை மில்லிவிநாடி தாமதமாக வந்தது என்று துல்லியமாக ஒப்பிட வேண்டுமானால் இது தொல்லை தரும். சப்வூஃபரையும் (அடி பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர்) மற்ற ஸ்பீக்கரையும் நேரம் பொருத்தும்போது நான் முதலில் குழம்பியது இதனால்தான். சாஃப்ட்வேரிலேயே இதற்கு வழி இருக்கிறது: ஸ்வீப்புக்கு (அடியிலிருந்து மேல்வரை அதிர்வெண்கள் வழியே ஏறிச் செல்லும் அளவீட்டு ஒலி) முன்னும் பின்னும் ஒரு ஸ்பீக்கரிலிருந்து சின்ன 'கீச்' ஒலி விட்டு, அதையே நேரக் குறியாக எடுத்துக்கொள்ளும். அந்த வசதியைத் தேர்ந்தெடுத்த பிறகு சிக்கல் இல்லை.

ரூம் ஈக்யூ விசார்ட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். திறந்தவுடன் பட்டன்களும் கிராஃப்களும் நிறைய இருக்கும். பழக இரண்டு மாலை நேரங்கள் ஒதுக்குங்கள். அந்த இரண்டு மாலைகளில் ஒன்றை ஸ்வீப்புக்குக்கூடச் செலவழிக்க வேண்டாம், சிக்னல் ஜெனரேட்டருக்குக் கொடுங்கள். எனக்கு விஷயம் உள்ளே இறங்கியது அங்கேதான். 40 ஹெர்ட்ஸில் வெறும் சைன் ஒலியை மிதமான சத்தத்தில் விட்டுவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்தேன். பின்சுவரை ஒட்டி நின்றபோது காதை உள்ளங்கையால் அழுத்துவதுபோல இருந்தது. ஓர் அடி, இரண்டு அடி என்று முன்னால் வர வரக் குறைந்தது. அறையின் நடுவுக்கு வந்தபோது ஒலி நின்றேபோய்விட்டது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தால் ஸ்பீக்கர் கோன் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. இன்னும் முன்னால் போனால், முன்சுவர் பக்கத்தில் மறுபடி அதே அழுத்தம். மைக் வாங்காதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம், ஒரு டோன் ஜெனரேட்டர் போதும். நானோ அத்தனை நாளும் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தேன், அதாவது 40 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கிற இடத்திலேயே தலையை வைத்துக்கொண்டு.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கதவு ஜன்னல் எப்படி இருக்கும்போது பாட்டு கேட்பீர்களோ அப்படியே வைத்து அளக்க வேண்டும், கதவைத் திறந்தால் அடி பேஸ் வேறாகிவிடும். ஸ்வீப்பை 15 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை வைத்தால் பேஸுக்குப் போதும். ஸ்மூத்திங்கை எடுத்துவிட வேண்டும் அல்லது மிகக் குறைவாக வைக்க வேண்டும், இல்லையென்றால் கூர்மையான மேடுகள் மழுங்கி, எல்லாம் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். அப்புறம், ஒவ்வொரு அளவீட்டுக்கும் உடனே பெயர் வையுங்கள்: சோபா எங்கே, ஸ்பீக்கர் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், கதவு திறந்ததா மூடியதா. இருபது கோடுகள் சேர்ந்த பிறகு எது எதுவென்று யாருக்கும் நினைவிருக்காது.

முதல் அளவீட்டில் 40 ஹெர்ட்ஸில் சுற்றுப்புறத்தைவிட 14 டெசிபல் மேடு. 80-இல் 7 டெசிபல். 120-ஐ ஒட்டி ஓர் ஆழமான பள்ளம். முதல் இரண்டும் எதிர்பார்த்தவை. மூன்றாவது வேறு ரகம். என் ஸ்பீக்கர் கோன் முன்சுவரிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இன்னொரு 140 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வருகிறது, அது அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண் 122 ஹெர்ட்ஸ். நேராக வந்ததும் திரும்பி வந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கட்டையான ஆண் குரல் என் அறையில் ஏன் மெலிந்து கேட்டது என்பதற்குப் பதில் இதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுவே: மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. மேடு என்பது அறை கூடுதலாகக் கொடுப்பது. ஈக்யூவில் (ஒவ்வோர் அதிர்வெண்ணின் அளவையும் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்குவலைசர்) குறைத்தால் குறைந்துவிடும், ஆம்ப்ளிஃபயருக்கும் வேலை மிச்சம். பள்ளம் என்பது ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்கிற இடம். அங்கே 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு பவர் கொடுக்க வேண்டும், கோன் எல்லை வரைக்கும் ஆடும், திரும்பி வருகிற ஒலியும் அதே அளவு கூடி மறுபடி அழித்துவிடும். ஆகவே ஈக்யூவைத் தொடுவதற்கு முன்னால் பள்ளம் இல்லாத இடத்தைத் தேட வேண்டும், மேடு கொஞ்சம் கூடினாலும் கவலைப்பட வேண்டாம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு 70 சென்டிமீட்டர் வைத்திருந்தேன். அளந்து பார்த்து 40 சென்டிமீட்டருக்கு உள்ளே தள்ளினேன். பள்ளம் 210 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிட்டது, அங்கே சுவரில் 10 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு பேனல் வைத்தாலே ஓரளவு ஆறிவிடுகிறது. அடி பேஸ் இரண்டு டெசிபல் போலக் கூடியது. கூடட்டும், அதை வெட்டிக்கொள்ளலாம்.

சோபாவை 70 சென்டிமீட்டர் முன்னால் இழுத்தேன். வீட்டில் மற்றவர்கள் நடந்து போகிற வழியில் கொஞ்சம் இடிக்கிறது என்பது உண்மை, ஆனால் கிடைத்தது பெரிது. 80 ஹெர்ட்ஸ் மேடு கிட்டத்தட்ட மறைந்தே போனது, ஏனென்றால் அறை நீளத்தில் முக்கால் பங்கு தூரத்தில் அந்த அலைக்கு ஒரு சுழி, அதாவது ஒலி அழுத்தமே இல்லாத இடம், விழுகிறது, என் காது இப்போது அதை ஒட்டியிருக்கிறது. 40 ஹெர்ட்ஸும் இரண்டு டெசிபல் இறங்கியது. ஆர்வத்தில் அறையின் நடுவுக்கே இழுத்துப் பார்த்தேன். 40 ஹெர்ட்ஸ் அடியோடு காணாமல்போய், பாட்டு காலில்லாமல் நிற்பதுபோல இருந்தது. திரும்பத் தள்ளிவிட்டேன். இத்தனைக்கும் செலவு எதுவும் இல்லை, ஒரு சனிக்கிழமை போயிற்று.

பிறகு ஈக்யூ. பாட்டு எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து போவதால் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச சாஃப்ட்வேர் எனக்குப் போதும். டிவியோ வேறு பிளேயரோ வைத்துக் கேட்பவர்களுக்கு நடுவில் இதே வேலையைச் செய்யும் ஒரு டிஎஸ்பி பெட்டி தேவைப்படும். எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற ஃபில்டர்களை ரூம் ஈக்யூ விசார்டே கணக்கிட்டுக் கொடுக்கும். அங்கே ஒன்றே ஒன்றைக் கட்டாயம் மாற்றுங்கள்: அதிகபட்சமாக எவ்வளவு ஏற்றலாம் என்ற இடத்தில் 0 போடுங்கள். போடாவிட்டால் பள்ளங்களை எல்லாம் நிரப்பப் பார்க்கும். எனக்கு மூன்று ஃபில்டர்கள் போதுமானதாக இருந்தன. முக்கியமானது 40.5 ஹெர்ட்ஸில், 9 டெசிபல் குறைப்பு, கியூ (ஃபில்டரின் அகலத்தைச் சொல்லும் எண், கூடினால் ஃபில்டர் குறுகும்) 8. மற்ற இரண்டும் 59-லும் 64-லும், மூன்று நான்கு டெசிபல்தான். ஃபில்டரின் நடுப்புள்ளியும் அகலமும் மேட்டின் வடிவத்தோடு பொருந்த வேண்டும். அரை ஹெர்ட்ஸ் தள்ளிப் போட்டால்கூட ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் மிஞ்சும். மேடு முழுவதையும் வெட்டித் தட்டையாக்கவும் இல்லை. மூன்று டெசிபல் உயரம் விட்டுவைத்தேன், முழுதும் தட்டையாக்கியபோது பேஸ் ஒல்லியாகத் தெரிந்தது.

ஈக்யூ அளவைத்தான் குறைக்கும், இழுத்துக்கொண்டு போகும் ரீங்காரத்தைக் குறைக்காது என்று பலரும் சொல்கிறார்கள். அடி பேஸ் மேடுகள் விஷயத்தில் அது சரியல்ல. நீர்வீழ்ச்சிக் கிராஃப் என்று ஒன்று இருக்கிறது, ஒலி நின்ற பிறகு ஒவ்வோர் அதிர்வெண்ணும் எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று காட்டும். முன்பு என் அறையில் 40 ஹெர்ட்ஸ் மட்டும் அரை விநாடிக்கு மேல் வால் நீட்டிக்கொண்டு கிடந்தது. பொருத்தமான ஃபில்டர் போட்ட பிறகு அந்த வால் பக்கத்து அதிர்வெண்களோடு ஏறக்குறைய சேர்ந்தே அடங்குகிறது. ஃபில்டரின் அகலம் பொருந்தாவிட்டால் அளவு இறங்கும், வால் அவ்வளவாகக் குறையாது. இதை ஃபில்டர் போட்டும் எடுத்தும் இரண்டு முறை அளந்து உறுதி செய்துகொண்டேன்.

மூலையில் வைக்கிற ஃபோம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் பணம் போட்டது அதில்தான். 'பேஸ் ட்ராப்' என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்த முக்கோண ஃபோம் துண்டுகள், 30 சென்டிமீட்டர் அளவு, நான்கு மூலைக்கும் வாங்கினேன். வைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டு கோடு இருப்பதே தெரியவில்லை. 250-க்கு மேலேதான் மாற்றம். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை: 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். ஃபோம், பஞ்சு போன்றவை காற்று வேகமாக அசைகிற இடத்தில்தான் ஆற்றலை உறிஞ்சும். சுவரோரத்தில் அழுத்தம்தான் அதிகம், அசைவு கிடையாது. அந்த அசைவு உச்சத்துக்கு வருவது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி, 40 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டு மீட்டருக்கும் மேல். 'பேஸ் ட்ராப்' (பேஸைப் பிடிக்கும் பொறி) என்ற பெயரை அட்டையில் அச்சிட்டு விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது என்றுதான் நான் நினைக்கிறேன். கனமான திரையும் கம்பளமும் இன்னும் மோசம், மேல் ஒலியை மட்டும் தின்றுவிட்டுக் குமுறலை அப்படியே விட்டுவைக்கும், அதனால் குமுறல் முன்பைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அதற்குப் பதிலாகப் பின் மூலைகள் இரண்டிலும் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகைகளை முக்கோணமாக வெட்டி, தரையிலிருந்து கூரை வரை அடுக்கினேன். சுவரோடு ஒட்டும் பக்கங்கள் 60 சென்டிமீட்டர், முகப்பு 85. வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். இழை தோலில் பட்டால் அன்றிரவு தூக்கம் போச்சு. நெருக்கமாக நெய்யாத துணியால் மூடிவிட்டேன், வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், அதுதான் துணிக்குச் சோதனை. பலன்: 59, 64 ஹெர்ட்ஸ் வால்கள் நன்றாகக் குட்டையாயின, அந்த இரண்டு ஃபில்டர்களைப் பாதியாகக் குறைத்தேன். 40 ஹெர்ட்ஸ் இரண்டு டெசிபல்கூட முழுதாக இறங்கவில்லை. அறையில் அவ்வளவு இடம் கொடுக்க மனமில்லாதவர்கள் இதைத் தள்ளிப்போடலாம், இருக்கையும் ஸ்பீக்கரும் நகர்த்துவதிலும் ஈக்யூவிலும் கிடைப்பதே அதிகம்.

ஈக்யூவின் பெரிய குறை ஒன்று உண்டு: அது ஓர் இருக்கைக்குத்தான். நான் உட்காருகிற இடத்தில் வெட்டிய 9 டெசிபல், அறையின் நடுப்பக்கமாக உட்காருபவருக்கு ஏற்கெனவே இல்லாத பேஸை இன்னும் வெட்டுகிறது. தனியாகக் கேட்பவருக்கு இது பொருட்டே இல்லை. வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதானால் ஈக்யூவுக்கு முன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட சப்வூஃபர்தான் வழி. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது: செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப்வூஃபர்கள் வைத்தாலே இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் நன்கு குறைகிறது, நான்குக்கு மேல் போனால் பெரிய ஆதாயம் இல்லை. முன்சுவரிலும் பின்சுவரிலும் உள்ள சப்வூஃபர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து அழுத்தும்போது நீளவாக்கு முதல் அலை எழவே இடமில்லாமல் போகிறது. அதாவது என் 40 ஹெர்ட்ஸ் மேட்டை வெட்ட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் சோபாவின் இடது ஓரம்தான் இன்னும் பாக்கி. அங்கே உட்காருபவருக்கு 50 ஹெர்ட்ஸ் ஆறு டெசிபல் தூக்கிக்கொண்டிருக்கிறது, அகலவாக்கு அலை. நடுவில் உட்காரும் எனக்கு அது தெரிவதே இல்லை. போன வாரம் நண்பர் ஒருவரின் சப்வூஃபரை இரண்டு நாள் வாங்கி, என்னுடையதோடு சேர்த்து இடது சுவரின் நடுவில் ஒன்று, வலது சுவரின் நடுவில் ஒன்று என்று போட்டு அளந்தேன். அந்த ஆறு, இரண்டாக இறங்கியது. அதோடு, இரண்டும் நீளத்தின் நடுக்கோட்டில் நிற்பதால் 40 ஹெர்ட்ஸ் நீளவாக்கு அலையையும் அவை எழுப்பவில்லை. ஃபில்டரை எடுத்துவிட்டு, சப்வூஃபர்களை 80 ஹெர்ட்ஸ் வரை மட்டும் ஓட்டி, பழைய பாட்டையே போட்டேன். அந்தத் தடித்த தந்தியும் அடுத்த தந்தியும் ஒரே அளவில் வந்தன, ஒவ்வொரு ஸ்வரமும் விரல் எடுத்தவுடன் நின்றது. சப்வூஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அளவீடு பெயரோடு கோப்பில் இருக்கிறது.